டயாலிசிஸ் செய்துகொள்வோரும் தசை வலிமையும்

இவ்வாண்டு மலருக்கு உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, அடியேன் மருத்துவன் அல்லனே என்று முதலில் தயங்கினேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். 2019 ஜூன் மாதம் முதல் செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் அருகே சாய்ந்து கிடப்பவன் என்பது மட்டுமே இதனை எழுதுவதற்கு எனக்குள்ள தகுதி. நம் நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோரை இந்நிலைக்குக் கொண்டு வந்து நிறுத்தியது இனிப்புநீர். எனக்கும் அதுவே. இம்மலரைப் புரட்டும் அன்பர்களில் பலருக்கு வீட்டிலோ உறவிலோ ஒருவர் இப்படி இருப்பார். அவருக்காகவே எழுதுகிறேன்.

2022 ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆலயத்தில் அன்னதானம். பந்தியில் என் மனைவியோடு தரையில் சம்மணமிட்டு அமர்ந்து உண்டேன். இலையை மடித்தாயிற்று, வரிசையில் இருந்தவர் எல்லாம் எழுந்தாயிற்று, அடுத்த பந்திக்காரர்கள் காத்திருக்கிறார்கள். என்னால் எழ முடியவில்லை. கையை ஊன்றினேன், இடுப்பு மேலே வந்தது, தொடைகள் வரவில்லை. மறுபடியும் ஊன்றினேன். பரிமாறிக்கொண்டிருந்த இளைஞர் இருவர் வாளிகளை வைத்துவிட்டு ஓடி வந்து, "ஐயா, கையக் குடுங்க" என்று இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவன் என் மாணவன். எனக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. வீடு வந்து சேரும் வரை நானும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, டயாலிசிஸ் மையத்தில் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். "என் எடை குறையவே இல்லையே டாக்டர், மூன்று ஆண்டுகளாக அதே 62 கிலோதானே" என்றும் கேட்டேன். அவர் சொன்ன விளக்கத்தை ஒரு பாடமாகவே குறித்து வைத்துக்கொண்டேன்.

டயாலிசிஸ் முடிந்து, உடம்பில் தேங்கிய நீர் எல்லாம் வெளியேறிய பின் இருக்க வேண்டிய எடைக்கு உலர் எடை என்று பெயர். எங்களைப் போன்றோருக்கு அது ஒரு மாறாத எண்ணாக மனத்தில் பதிந்துவிடும். ஆனால் தராசுக்குத் தசை வேறு, கொழுப்பு வேறு, நீர் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. தசை இரண்டு கிலோ கரைந்து, அந்த இடத்தில் நீரும் கொழுப்பும் இரண்டு கிலோ சேர்ந்தால் முள் அசையாமல் அதே இடத்தில்தான் நிற்கும். மேலும், அப்படித் தேங்கிய நீரை உடம்பின் சொந்த எடை என்று நினைத்து வெளியேற்றாமல் விட்டால் இரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கும் சுமை. வேட்டியைக் கட்டும்போது இடுப்பில் மாற்றமில்லை. ஆனால் கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறி இறங்கியது. அதைப் பார்த்தும் நான் புரிந்துகொள்ளவில்லை.

இன்னொன்றும் உண்டு. மாதந்தோறும் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்றொரு எண் வரும். முதலாண்டில் எனக்கு 980 இருந்தது, 2022-இல் 640 ஆகிவிட்டது. குறைந்துவிட்டதே என்று உள்ளூர மகிழ்ந்து, மனைவியிடம் அறிக்கையைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். சிறுநீரகம் பழுதடைந்துகொண்டிருக்கும் காலத்தில் அந்த எண் ஏறுவது கெடுதல் என்பது சரி. டயாலிசிஸ் தொடங்கி, சிறுநீரே வராமல் போன பிறகு கணக்கு வேறு. கிரியேட்டினின் பிறப்பது தசையிலிருந்து. டயாலிசிஸ் முறையாக நடந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அது மாதாமாதம் இறங்கிக்கொண்டே போனால், பிறப்பிக்கும் தசையே குறைகிறது என்று பொருள் கொள்ள இடமுண்டு. தேர்வுத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மதிப்பெண் போட்ட வாத்தியார் கதைதான் என் கதை.

தசை ஏன் கரைகிறது? காரணம் ஒன்றல்ல. சிறுநீரகம் செயலிழந்தால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. அது தசைப் புரதத்தைச் சிதைக்கத் தூண்டுகிறது. உடம்புக்குள் எப்போதும் ஒரு மெல்லிய அழற்சி இருந்துகொண்டே இருக்கும், அதுவும் அரிக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால், உண்ட புரதமும் தசையில் போய்ச் சேர்வது குறைகிறது. பசி மந்தம், வாய்க்குள் உலோகச் சுவை. இவற்றுக்கு மேல் இயந்திரமும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒருமுறை டயாலிசிஸ் செய்யும்போது கழிவோடு சேர்ந்து ஏறக்குறைய 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுகின்றன. அமினோ அமிலம் என்பது புரதத்தின் செங்கல். வயிற்றுக்குள் திரவம் ஏற்றி வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கோ இந்த இழப்பு தினந்தோறும் நிகழ்கிறது.

கடைசிக் காரணம், அசையாமை. டயாலிசிஸ் நாளில் களைப்பு, மறுநாள் களைப்பு தீரவே பாதி நாள். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மையத்துக்குப் போவதைத் தவிர வீட்டு நாற்காலியை விட்டு எழாமல் இரண்டாண்டுகளை ஓட்டினேன். பிள்ளைகளும் அன்பின் மிகுதியால், "நீங்க உக்காருங்கப்பா, நாங்க எடுத்துத் தர்றோம்" என்று தண்ணீர்க் குவளையைக்கூடக் கையில் கொண்டு வந்து கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நோயாளி உள்ள வீடுகளில் இந்த அன்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மவர் தவறு செய்யும் இடம் இதுதான், நானும் செய்தேன். டயாலிசிஸ் தொடங்கும் முன்னர், மிஞ்சியிருக்கும் சிறுநீரகத்தைக் காப்பதற்காகப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் கண்டால் விலகி நடந்தேன். டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து விதி தலைகீழாக மாறுகிறது. நிலையான டயாலிசிஸ் நோயாளி ஒருவர் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் உண்ண வேண்டும் என்பது, 2020-இல் திருத்தி வெளியிடப்பட்ட சிறுநீரக உணவு வழிகாட்டியின் பரிந்துரை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று கூறமாட்டேன்; முதல் வாரத்தில் கொடுத்த தாளில் அச்சிட்டிருந்தது. பயத்தில் இருப்பவன் தாள் படிப்பானா?

என் 62 கிலோவுக்கு 62 முதல் 74 கிராம் வரை வேண்டும். உணவு ஆலோசகர் என்னை உட்கார வைத்து முதல் நாள் உண்டதை எல்லாம் எழுதச் சொன்னார். காலையில் இரண்டு ரொட்டித் துண்டும் தேநீரும், மதியம் சோறு, இரசம், கொஞ்சம் கோபிஸ் பிரட்டல், மாலையில் பிஸ்கட், இரவு இரண்டு தோசை. கூட்டிப் பார்த்தால் முப்பது கிராமை எட்டவில்லை. அதிலும் டயாலிசிஸ் நாளில் இயந்திரம் எடுத்துக்கொள்வது போக மிச்சம் என்ன இருக்கும்?

இப்போது காலையில் இரண்டு முட்டை வெள்ளைக்கரு. ஒன்றில் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பேட்டு மிகக் குறைவு. மதியம் உள்ளங்கை அகல மீன் துண்டு. நூறு கிராம் மீனில் ஏறக்குறைய இருபது கிராம் கிடைக்கும். மாலையில் தெம்பே அல்லது தவ்வு. தெம்பேயை நாம் மலாய்க்காரர் உணவு என்று ஒதுக்கிவிடுகிறோம். நூறு கிராம் தெம்பேயில் ஏறத்தாழ பத்தொன்பது கிராம் புரதம் உண்டு. சைவ அன்பர்களுக்கும், வெள்ளிக்கிழமை விரதம் காப்போர்க்கும், தைப்பூச மாதத்தில் மச்சம் தவிர்ப்போர்க்கும் அது ஒரு நல்ல துணை. என் மனைவி முதலில் முகத்தைச் சுளித்தார். பின்னர் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வறுத்து, இப்பொழுது அவரே பாதியைச் சாப்பிட்டுவிடுகிறார்.

பருப்பில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மை. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் வேகவைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். தாவர உணவில் உள்ள பாஸ்பேட்டு முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. ஆனால் கறுப்புச் சோடா, சாசேஜ், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் கலக்கும் பாஸ்பேட்டு உப்போ ஏறக்குறைய முழுவதுமாகச் சேர்ந்துவிடும். பயப்பட வேண்டியது அதற்கே. பாஸ்பேட்டைப் பிடிக்கும் மாத்திரையைச் சோற்றோடு சேர்த்து விழுங்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நினைவு வந்து விழுங்கினால் பயன் மிகக் குறைவு. இருப்பினும் ஒவ்வொருவர் இரத்தமும் ஒவ்வொரு விதம். என் பட்டியலை அப்படியே பின்பற்றாமல், தத்தம் மருத்துவரையும் உணவு ஆலோசகரையும் கேட்டுச் செய்க.

ஆலயப் பிரசாதம் பற்றியும் ஒரு சொல். பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் உண்டு. இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. இனிப்புநீர் உள்ளவனுக்கு வெல்லமும் தேனும் வேறு. நான் விரல் நுனியால் தொட்டு நாவில் வைத்துக்கொள்வதோடு சரி. பழத்தட்டில் நட்சத்திரப் பழம் இருந்தால் அந்த நுனி அளவும் கூடாது. மலாயில் பெலிம்பிங் என்பார்களே, அதுதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதிலுள்ள நஞ்சு வெளியேறாமல் மூளையைத் தாக்கி, விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாக முடிந்ததுண்டு. முழுநாள் பட்டினி விரதத்தையும் நான் விட்டுவிட்டேன். நோயுற்றவனுக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்று எங்கள் குருக்களே சொன்ன பிறகுதான் மனம் ஒப்பியது.

உணவு செங்கல் என்றால், அதை அடுக்கும் கொத்தனார் உடற்பயிற்சி. வெறுமனே உண்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் தசை வளராது.

பிசியோதெரபி பிரிவில் ஓர் இளம் சீனப் பெண் என்னைச் சோதித்தார். கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். "அங்கிள், நான் நேரம் பார்க்கிறேன்" என்று கடிகாரத்தை அழுத்தினார். எனக்கு 27 விநாடி ஆயிற்று. ஐந்தாவது முறை எழும்போது தொடை நடுங்கியது. இது விளையாட்டுச் சோதனை அல்ல. கழிவறையிலிருந்து எழ, காரிலிருந்து இறங்க, படி ஏற, எல்லாவற்றுக்கும் இதே தசைதான்.

அவர் எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் மிக எளிது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் நடை. இத்தாலியில் 296 டயாலிசிஸ் நோயாளிகளைக் கொண்டு செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இதே முறையைத்தான் கையாண்டிருக்கிறார்கள். ஆறு மாதத்தில், நடந்தவர்கள் ஆறு நிமிடத்தில் கடக்கும் தூரம் சராசரி 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராகக் கூடியது. ஐந்து முறை எழுந்து அமரும் நேரம் 20.5 விநாடியிலிருந்து 18.2 ஆகக் குறைந்தது. இது மலையைப் புரட்டும் மாற்றமல்ல. ஆயினும் சாலையைக் கடக்கும்போது பச்சை விளக்கு அணைவதற்குள் மறுபக்கம் போய்ச் சேர்கிறவனுக்கு அந்தச் சில மீட்டரின் அருமை தெரியும்.

நடையோடு, நாற்காலியில் எழுந்து அமர்தல், சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல், உட்கார்ந்தபடி ஒரு காலை நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடித்தல். முதல் மாதம் வெறுங்காலோடு. அதன் பின்னர் அரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிக் கணுக்காலில் சுற்றிக்கொண்டேன். கடையில் விற்கும் எடைப் பட்டையும் வாங்கலாம். ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு அரிசியே போதும். எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, பத்தாவது தடவை சற்றுக் கடினமாக இருக்கும்படி எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே தசைக்கு உரம் என்று அந்தப் பெண் அடிக்கடி சொல்வார்.

டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே பயிற்சி செய்வதும் உண்டு. ஜெர்மனியில் 21 மையங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஓராண்டு கவனித்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு டயாலிசிஸ் வேளையிலும் அரை மணி மிதித்தல், அரை மணி தசைப் பயிற்சி. ஒரு நிமிடத்தில் எழுந்து அமரும் எண்ணிக்கை, பயிற்சி செய்தோர்க்கு சராசரி 16.2-இலிருந்து 19.2 ஆக உயர்ந்தது. செய்யாதோர்க்கு அதே ஓராண்டில் 14.7 ஆக இறங்கியது. என்னைச் சிந்திக்க வைத்தது இந்த இரண்டாவது எண்தான். சும்மா இருந்தால் இருந்த இடத்தில் இருப்போம் என்று நினைக்கிறோம், அப்படியல்ல, இறங்குகிறோம். அதே சமயம், பிரிட்டனில் மிதிவண்டிப் பயிற்சியை மட்டும் வைத்து நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில் நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே மிதித்தால் மட்டும் போதும் என்று யாரும் விற்க வந்தால் நம்பிவிடாதீர்கள். தசைக்கு எதிர்ப்பு கொடுக்கும் பயிற்சியும் சேர வேண்டும்.

எங்கள் மையத்தில் படுக்கையின் கால்மாட்டில் பொருத்தும் மிதி இயந்திரம் ஒன்றே ஒன்று உண்டு. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மிதித்து முடித்துவிட வேண்டும். அதற்குப் பின் நீர் வெளியேறி, இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கும். ஊசி ஏறியிருக்கும் கை அசையாமல் இருக்க, கால் மட்டும் வேலை செய்யும். இரத்தக் குழாய் இணைப்பு உள்ள கையைப் பற்றிப் பலருக்கும் அச்சம். அறுவை ஆறிய பிறகு, மருத்துவர் அனுமதித்தால், அந்தக் கையாலும் இலேசான பயிற்சி செய்யலாம். டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் மெத்தென்ற பந்தைப் பிசைவது நல்லது. அந்தக் கையில் கனமான பையைத் தொங்கவிடுவதும், இரத்த அழுத்தப் பட்டை சுற்றுவதும் கூடாது.

செய்யக் கூடாத நேரங்களை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் ஒருமுறை தவறிவிட்டால், மறுமுறை செய்து முடிக்கும் வரை பயிற்சி வேண்டாம். பொட்டாசியம் ஏறியிருக்கும், இதயம் தடுமாறலாம். காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கால் வீக்கம் அதிகமான நாள் ஆகியவற்றிலும் வேண்டாம். இன்சுலின் போடுவோர் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்ததும் சட்டென்று எழுந்து நடக்கக் கூடாது. காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து, தாதி அழுத்தம் பார்த்த பின்பே எழுக.

என் பக்கத்து நாற்காலியில் ஓர் அண்ணன் இருந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்த உடம்பு. "வாத்தியாரய்யா, நான் அம்பது வருசம் ஒழைச்சிட்டேன், இனிமே ரெஸ்டுதான்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் வற்புறுத்தவில்லை. 2023-இல் ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போனவர், இரவு கழிவறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று மாதம் படுக்கையிலேயே டயாலிசிஸுக்குத் தூக்கி வந்தார்கள். பிறகு அந்த நாற்காலியில் வேறொருவர். அவர் பயிற்சி செய்திருந்தால் விழுந்திருக்க மாட்டார் என்று என்னால் உறுதி கூற முடியாது. ஒருமுறையாவது வற்புறுத்தியிருக்கலாம் என்பது மட்டும் மனத்தில் இருக்கிறது.

தரையிலிருந்து எழுவதையும் தனியாகப் பழகினேன். நேராக எழ முயல்வதுதான் தவறாம். முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கைகளை ஊன்றி மண்டியிட வேண்டும். நாற்காலி ஒன்றை முன்னே வைத்து அதன் இருக்கையில் கைகளை வைக்க வேண்டும். வலுவுள்ள காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, அந்தக் காலால் தரையை அழுத்தி எழ வேண்டும். மெத்தையின்மேல் மனைவியைக் காவல் வைத்துக்கொண்டு ஆறு வாரம் பழகிய பின்பே வெறுந்தரையில் செய்தேன். ஐந்து முறை எழுந்து அமரும் நேரம் ஓராண்டில் 27 விநாடியிலிருந்து 17 ஆயிற்று. கிரியேட்டினினும் சற்று ஏறியது. இம்முறை மருத்துவரும் நானும் சேர்ந்தே மகிழ்ந்தோம்.

ஆலயங்களுக்கு வாரி வழங்கும் நன்கொடையாளர்களிடம் ஒரு விண்ணப்பம். அன்னதான மண்டபத்தில் கைப்பிடியுள்ள நாற்காலிகள் ஒரு வரிசை, கழிவறைச் சுவரில் இரும்புக் கைப்பிடி, மண்டபப் படியின் இருபுறமும் பிடிமானம். ஒரு திருவிழாவின் பந்தல் செலவில் சிறு பகுதியே இவற்றுக்குப் போதும். டயாலிசிஸ் மையத்துக்கு இயந்திரம் வழங்குவோர் அதனோடு ஒரு மிதி இயந்திரத்தையும் சேர்த்து வழங்கலாம்.

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. எனக்கு டயாலிசிஸ் நாள். ஒருநாள் தள்ளிப் போட்டால் என்ன என்று உறவினர் கேட்டனர். நான் தள்ளிப் போடவில்லை. பூசம் முடிந்த ஐந்தாம் நாள், ஞாயிறு காலை, மருத்துவரிடம் அனுமதி பெற்று, பேரனோடு பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போனேன். கூட்டமில்லை. மேலே பாலதண்டாயுதபாணி சந்நிதிக்கு 513 படிகள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இருபது படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினேன். பேரன் உரக்க எண்ணிக்கொண்டே வந்தான். 300 வந்ததும் நிறுத்திக்கொண்டேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைக்குக் கடினம். அதற்கும் பலத்தை மிச்சம் வைக்க வேண்டுமே. படியோரம் அமர்ந்திருந்தேன். பேரன் மட்டும் மேலே போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தான். விபூதியை என் நெற்றியில் பூசிவிட்டான். பஞ்சாமிர்தத்தை, தாத்தாவுக்கு ஆகாது என்று சொல்லி, வரும் வழியிலேயே அவனே தின்று தீர்த்துவிட்டான்.